ஆயுத பூஜைக்கு இருந்துவிட்டுப் போனால் வரி! தெரியுமா?

செப்டம்பர் 28ஆம் தேதி விமானம் ஏறுவதற்கும் 29ஆம் தேதி ஏறுவதற்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு நாள்தானே என்பீர்கள். அந்த ஒரு நாளால் ஒருவரின் ஆறு மாத வெளிநாட்டுச் சம்பளம் மொத்தமும் இந்திய வருமான வரிக் கணக்குக்குள் வந்துவிடலாம். தெரியுமா?

2025இல் எங்கள் சித்தி மகனுக்குத் துபாய் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. லேப்டாப் வேலைதான், அங்கே அறை எடுத்துத் தங்கிச் செய்ய வேண்டும். கள்ளக்குறிச்சி வீட்டில் பெட்டி கட்டும்போது சித்தி கேட்டார்: "புதன்கிழமை ஆயுத பூஜை. இருந்துட்டுப் போயேண்டா?" அவன் தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் எழுதினான். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. கூட்டினால் 153. செப்டம்பரில் 28 நாள் சேர்த்தால் 181. "இன்னும் ஒரு நாள் இருந்தா 182 அம்மா... 182 ஆயிட்டா இந்த வருஷம் முழுக்க நான் உள்ளூர்க்காரன்!" ஞாயிற்றுக்கிழமை 28ஆம் தேதியே திருச்சிக்குக் கார் ஏறிவிட்டான்.

அவன் கணக்கு மிகச் சரி. நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தவர் இங்கே குடியிருப்பவர். இத்தனை காலம் ஊரிலேயே இருந்த அவனைப் போன்றவருக்கு, உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வரி இங்கே. அமீரகத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. ஆனாலும் 182ஐத் தொட்டுவிட்டால் அந்தச் சம்பளம் நம் ஊர் ரிட்டர்னில் ஏறியே ஆக வேண்டும். 181இல் நின்றுவிட்டால் ஏற வேண்டாம்! வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்ப்பதா என்பதில் தீர்ப்புகளே இரண்டு விதமாக உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவருக்குத்தான் இந்த 182. சுற்றுலா விசாவில் லேப்டாப்போடு பாலித் தீவுக்குப் போய் உட்கார்ந்தவருக்கு, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், இந்த ஆண்டில் வெறும் 60 நாளே போதும்! சொந்தத் தொழில் செய்யப் போகிறவர்? அதுவும் வேலைக்குப் போவதில் அடங்கும் என்று 2011இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நாளை எண்ணி வரி போடுவது புதுமையாக இருக்கிறதா? எங்கள் மாவட்டத்துக் கல்வராயன் மலையில் எதை எண்ணினார்கள் தெரியுமா? ஏரையும் மண்வெட்டியையும்! நிலம் எத்தனை ஏக்கர் என்று அளக்கவே இல்லை. ஏருக்கு இவ்வளவு, மண்வெட்டிக்கு இவ்வளவு என்று மலையாளிப் பழங்குடியினர் பாளையக்காரர்களுக்குக் கட்டிவந்தார்கள். ஜாகிர்தார்கள் என்றும் அழைக்கப்பட்ட இந்த மூவரே மலையைப் பங்கிட்டு ஆண்டார்கள். நாடு விடுதலையாகி 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. நினைத்தால் மனம் கனக்கிறது.

வடகிழக்கில் நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் போன்ற இடங்களில் வாழும் பழங்குடியினர் அந்தப் பகுதியிலிருந்தே பெறும் வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. லடாக்கிலும் அப்படித்தான். எங்கள் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞருக்கு அந்த விலக்கு இல்லை! இருவருமே பட்டியல் பழங்குடியினர்தான். ஆனால் சட்டம் இனத்தோடு இடத்தையும் சேர்த்துப் பார்க்கிறது, அந்த இடப் பட்டியலில் நம் மலை இல்லை. சேர்க்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒரு ஆறுதல்: குச்சிக்கிழங்கோ கரும்போ போட்டு வரும் விவசாய வருமானத்துக்கு நாடு முழுக்க விலக்கு உண்டு. அதுவும் நிலம் இந்தியாவில் இருந்தால்தான். மலேசியாவில் தோட்டம் வைத்திருப்பவர் இங்கே குடியிருந்தால் அதைக் காட்டத்தான் வேண்டும்.

அமெரிக்கா தன் குடிமக்கள் விஷயத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள்! அமெரிக்கக் குடிமகன் சின்னசேலத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இப்படிக் குடியுரிமைக்கு வரி போடும் இன்னொரு நாடு எரித்திரியா. ஆனால் 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தால், 2025ஆம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை உழைத்த வருமானத்தை விலக்கிக்கொள்ளலாம். இந்தச் சலுகை தொடங்கியது 1926இல்! அதற்காகச் சின்னசேலத்தில் இருப்பவரை நம் வரித்துறை விட்டுவிடாது, அது தனிக் கணக்கு.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து இரண்டு மாதம் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கம்பெனி வேலையைப் பார்க்கிறீர்களா? அந்த இரண்டு மாதச் சம்பளம் இந்தியாவில் உழைத்துப் பெற்றது. அந்த நாட்டோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். எதிர்ப்பக்கம் பாருங்கள்: வெளிநாட்டில் இருந்து உழைத்த சம்பளத்தை முதலிலேயே ஊர்க் கணக்கில் வாங்கினால் 'இந்தியாவில் பெற்ற வருமானம்' என்று வழக்காகலாம். அங்கே வாங்கிவிட்டுப் பிறகு வீட்டுக்கு அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. கப்பலில் வேலை செய்யும் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு மட்டும், சம்பளம் அவர்களுடைய என்ஆர்ஈ வங்கிக் கணக்கில் விழுந்தது என்பதற்காக வரி இல்லை என்று 2017இல் தனிச் சுற்றறிக்கையே வந்தது.

வெளிநாட்டில் இருப்பவருக்கு எல்லாமே லாபம் என்று நினைக்காதீர்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்று கொண்டாடினோமே, அந்தத் தள்ளுபடி இங்கே குடியிருப்பவருக்கு மட்டும்! என்ஆர்ஐக்கு 4 லட்சத்தோடு சரி. துபாய்க்காரரின் கள்ளக்குறிச்சி வீட்டில் 8,000 ரூபாய் வாடகைக்கு இருப்பவர்கூட 31.2 சதவீதம் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தர வேண்டும். எத்தனை பேர் செய்கிறோம்?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. 'முந்தைய ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வந்துவிட்டது. 182 மட்டும் அப்படியே இருக்கிறது. சித்தி அந்தக் காலண்டர் தாளைப் பூஜை அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார். அந்த ஆயுத பூஜையன்று, அக்டோபர் 1ஆம் தேதி, லேப்டாப் இல்லாததால் அவனுடைய பழைய சைக்கிளுக்குத்தான் பொட்டு வைத்தோம்.