திணிவு: ஒரு கருத்தா, பலவா?

பொருளொன்றிலுள்ள சடத்தின் அளவே திணிவு என்ற வரைவிலக்கணத்தை நாம் யாவரும் பள்ளியிற் கற்றோம். சடத்தின் அளவை எவ்வாறு அளப்பது என்ற வினாவிற்கு அது விடை தருவதில்லை. நியூற்றன் 1687இல் வெளியான தமது நூலிலே, அடர்த்தியினதும் கனவளவினதும் பெருக்கமே திணிவு என்றார். அடர்த்தியையோ, ஓரலகுக் கனவளவின் திணிவு என்றே நாம் வரையறுக்கின்றோம். எனவே இது புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் விளக்கமென ஏர்ன்ஸ்ற் மாக் 1883இல் சுட்டிக்காட்டினார்.

தமிழிற் பயில்வோர்க்குச் சொல்லாலும் ஒரு மயக்கம் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் நிறை என்பது ஒரு பொருளைப் பூமி ஈர்க்கும் விசை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ அச்சொல் திணிவையே குறிக்கும்; ஈர்ப்பு விசையை அங்கு எடை என்பர். இக்கட்டுரையில் நாம் இலங்கை வழக்கையே கையாளுகின்றோம்.

பௌதிகவியலில் திணிவு அளக்கப்படும் முறைகளை நோக்கின், இருவேறு கருத்துக்கள் புலனாகும். ஒரு பொருளின் இயக்கத்தை மாற்ற முயலும்போது அது காட்டும் எதிர்ப்பு சடத்துவத் திணிவு ஆகும். ஈர்ப்பு விசைக்கு அப்பொருள் எவ்வளவு உட்படுகின்றது என்பதை உணர்த்துவது ஈர்ப்புத் திணிவு. சந்திரனிலே ஒரு பாறையைத் தூக்குவதற்குப் பூமியில் வேண்டிய விசையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு போதும். ஆனால் உராய்வற்ற தளத்தில் அதனைக் கிடையாகத் தள்ளி அதே ஆர்முடுகலைப் பெறுதற்கு, பூமியில் வேண்டிய அதே விசை அங்கும் வேண்டும்.

இவ்விரண்டும் சமமாயிருத்தல் வேண்டுமென்பதற்குத் தருக்க நியாயம் எதுவுமில்லை. மின்னேற்றத்திற்கும் சடத்துவத்திற்கும் அத்தகைய தொடர்பு இல்லையன்றோ? எனவே பரிசோதனையே தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. பொன், வெள்ளி, ஈயம், உப்பு, மரம், கோதுமை முதலியவற்றை ஊசல்களில் வைத்து ஆராய்ந்த நியூற்றன், ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பினும் அது தென்பட்டிருக்கும் என்றார். ஹங்கேரிய அறிஞர் ஏட்வேஷ் 1889இல் முறுக்குத் தராசினால் இந்நுட்பத்தை இரண்டு கோடியில் ஒரு பங்குக்கு உயர்த்தினார். 1971இல் அப்பலோ 15இன் விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட் சந்திரனிலே சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விழவிட்டார்; இரண்டும் ஒருங்கே தரையை அடைந்தன. 2016இல் ஏவப்பட்ட பிரெஞ்சுச் செய்மதியான மைக்குரொஸ்கோப்பின் இறுதி முடிவுகள் 2022இல் வெளியாயின. 10இன் 15ஆம் அடுக்கிற் சில பங்கு என்னும் நுட்பத்திலும் வேறுபாடு காணப்படவில்லை.

நியூற்றனின் கொள்கை இச்சமத்துவத்தை ஏற்றுக்கொண்டதேயன்றி விளக்கவில்லை. ஐன்ஸ்ரைன் 1907இல் இதனைத் தற்செயலெனக் கொள்ளாது அடிப்படையாகக் கொண்டார். தடையின்றி விழுபவன் தன் நிறையை உணரான் என்ற சிந்தனையே, 1915இல் முழுமைபெற்ற பொதுச் சார்புக் கொள்கைக்கு வித்திட்டது.

சடத்தின் அளவு என்ற பழைய விளக்கத்தையோ 1905ஆம் ஆண்டின் திணிவு-சத்திச் சமன்பாடே அசைத்துவிட்டது. புரோத்தனின் திணிவில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கே அதன் குவார்க்குகளின் ஓய்வுத் திணிவினால் வருவது. எஞ்சியதன் பெரும்பகுதி அவற்றின் இயக்கத்திலும் பிணைப்பிலும் அடங்கிய சத்தியே. நாம் திண்மையெனக் கருதும் உலகின் திணிவு பெரும்பாலும் சத்தியின் வடிவமென்பது இதன் பொருள்.

எனவே விஞ்ஞானக் கருத்துக்கள் என்றும் மாறாத வாய்பாடுகளல்ல. அளத்தல் என்னும் செயலிற் பிறந்து, அளவையின் நுட்பம் வளருந்தோறும் திருத்தம் பெறுபவை. மாணவனுக்கு வரைவிலக்கணத்தை மனனஞ் செய்விப்பதோடு நாம் அமையலாகாது. இவ்விரண்டும் ஏன் சமமாயின என்ற வினாவையும் அவனிடம் ஒப்படைத்தல் வேண்டும்.