தபேலாவின் 'கும்' எங்கே போனது?

தபேலாவைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. வலக்கையால் வாசிப்பது சிறியது. அது 'டிங்' என்று ஒலிக்கும். இடக்கையால் வாசிப்பது பெரியது. அதற்குப் பாயான் என்று பெயர். அது 'கும்' என்று ஒலிக்கும்.

சாகிர் உசேன் உலகப் புகழ் பெற்ற தபேலாக் கலைஞர். 2024-இல் காலமானார். அவர் வாசித்ததை இன்றும் செல்போனில் கேட்கலாம். 'டிங்' நன்றாகக் கேட்கும். 'கும்' சரியாகக் கேட்காது. ஏன்?

'கும்' என்ற ஒலிக்கு நிறையக் காற்று அசைய வேண்டும். செல்போன் ஸ்பீக்கர் மிகச் சிறியது. அவ்வளவு காற்றை அதனால் தள்ள முடியாது.

இதற்காகப் புதுச் செல்போன் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் போதும். ஒரு ஒயரால் இணைக்கலாம்.

போனில் ஹெட்போன் துளை இல்லையா? சார்ஜ் போடும் துளையில் மாட்டும் கனெக்டர் கடையில் கிடைக்கும். போனுக்குள் பாட்டு எண்களாக இருக்கிறது. அதை ஒலிக்கான மின்சாரமாக மாற்றும் சில்லு கனெக்டருக்குள் இருக்கும். சில்லு இல்லாத கனெக்டரும் விற்கிறார்கள். அது பல போன்களில் வேலை செய்யாது. கடையிலேயே மாட்டி, பாட்டுக் கேட்டுப் பார்த்து, பிறகு காசு கொடுப்பது நல்லது.

ஒயரை 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையில் செருக வேண்டும். 'மைக்' துளையில் செருகக் கூடாது. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைவு. அந்தத் துளை அதைப் பல மடங்கு பெருக்கும். போனிலிருந்து வருவதோ அதிகம். அதையும் பெருக்கினால் பாட்டு கரகரக்கும்.

போனில் ஒலியை முக்கால் அளவு வைக்கலாம். ஆம்ப்ளிஃபையரில் மெல்லக் கூட்ட வேண்டும். கரகரத்தால் உடனே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் எரிந்துவிடலாம்.