தங்கத் தூளும் தாய்மடியும்

கழுத்திலே மின்னுகிறது, காதிலே ஆடுகிறது, கோயில் கலசத்திலே கொலுவிருக்கிறது தங்கம்! அதைத் தோண்டியவன் வீட்டிலே என்ன இருக்கிறது? நைஜீரியாவின் வடமேற்கிலே சம்பாரா மாநிலம். அங்கே 2010ஆம் ஆண்டு மருத்துவர்கள் அந்த வீடுகளுக்குள் சென்று பார்த்தார்கள். இருந்தது ஈயம்! குழந்தைகளின் இரத்தத்திலே ஈயம்!

பெருங்கம்பெனியின் சுரங்கமல்ல அது. சிற்றூர் ஏழை சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு குழி பறித்து எடுத்த கல். உலகச் சந்தையிலே தங்கம் விலை ஏறிற்று. உழவு தராத காசைக் குழி தந்தது. கல்லை மூட்டை கட்டி வீட்டுக்குச் சுமந்து வந்தான். முற்றத்திலே பெண்கள் உடைத்தார்கள். தானியம் அரைக்கும் மில் போன்றதொரு மில்லிலே பொடித்தார்கள், அலசினார்கள், பாதரசம் கலந்து, தீயிலே காட்டித் தங்கத்தைப் பிரித்தார்கள். அந்தக் கல்லிலே தங்கம் கடுகளவு, ஈயமோ கொள்ளை கொள்ளையாக! உலர்ந்த கல்லை அரைத்தால் தூசி பறக்காதா? பாயிலே படிந்தது, பானையிலே படிந்தது, தவழும் பிள்ளையின் கையிலே படிந்தது. பிள்ளையின் கை எங்கே போகும்? வாய்க்குத்தானே!

வலிப்பு வந்தது. துடிதுடித்துச் செத்தன குழந்தைகள். முதலில் ஆராய்ந்த தாரெத்தா, யார்கல்மா எனும் 2 ஊர்களிலே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அதற்கு முந்திய ஓராண்டுக்குள் மாண்டிருந்தனர். மாநிலம் முழுவதும் 400க்கு மேற்பட்ட பிஞ்சுகள்!

'அறியாத சனம்' என்று சொல்லிக் கையைக் கழுவும் கனவான்கள் எங்கும் உண்டு. அறியாமை யாருடையது? ஈயம் நஞ்சு என்பது நேற்றுக் கண்ட சேதியா? இந்தியாவிலே 2000ஆம் ஆண்டிலேயே பெட்ரோலிலிருந்து துரத்தப்பட்ட அதே ஈயந்தானே! நகரத்தான் மூச்சுக்கு ஆகாதது, நாட்டுப்புறத்தான் சோற்றுக்கு ஆகுமோ?

மருந்து உண்டு, தோழர்களே! இரத்தத்திலுள்ள ஈயத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து. ஆனால், முற்றத்து நச்சுமண்ணை வெட்டி அகற்றாமல் அதைக் கொடுத்துப் பயன்? காலையிலே நீங்கிய நஞ்சை மாலையிலே பிள்ளை மறுபடி தின்னும். ஆகவே மண்ணை அகற்றிய பிறகே சிகிச்சை என்றனர் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர். பாகேகா என்றோர் ஊர். நஞ்சு கண்டறியப்பட்டது 2010இல்; அந்த ஊரில் மண்வெட்டி விழுந்தது 2013இல்! பணம் வரவேண்டுமாம், கோப்பு நகரவேண்டுமாம். குழந்தையின் மூளை காத்திருக்குமா?

காக்கும் வழியோ எளியது. அரைக்கும் இடம் ஊருக்கு வெளியே. தூசி எழாதபடி நீர் ஊற்றி அரைத்தல். பாதரச ஆவி வெளியேறாத மூடிய பாத்திரம். வேலை முடிந்ததும் குளியல், மாற்றுடை. அதற்குப் பிறகே பிள்ளையைத் தூக்குவது. ஒரு கொட்டகை, தண்ணீர், சோப்பு! குழி பறிப்பதையே தடை செய்துவிட்டால் என்ன என்பாரும் உளர். தடைக்குப் பசி அடங்குமா? கல் உள்ளறைக்குப் போகும், இருட்டிலே அரைபடும், அவ்வளவுதான்.

2015ஆம் ஆண்டு அதே நாட்டின் நைஜர் மாநிலத்திலே, ஷிகிரா வட்டாரத்திலே, தங்கக் கல்லின் ஈயத்துக்கு இரையாயினர் 28 பேர். அத்தனை பேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.