வாரிசுப் பங்கும் வக்கீல் பத்திரமும்

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவியார், தம் இரு பெண்மக்களுடன் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பிள்ளைகளின் தந்தையுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளற்ற பெண்களை யார் மணப்பர் என்பது அத்தாயின் கவலை. வாரிசுரிமை பற்றிய திருவசனம் அருளப்பட்டது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியதே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது.

அத்தகைய முறையீடு இன்றும் ஓயவில்லை. காட்டேரிக்குப்பத்தில் வீடும் நிலமும் விட்டுச் சென்ற ஒருவரின் பிள்ளைகள் வில்லியனூரிலோ புதுவையிலோ ஒரு வக்கீலை நாடுவதாகக் கொள்வோம். அவர் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் ஆகும். வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டுமே கூறும்; எவருக்கு எத்தனை பங்கு என்று கூறாது. மணமாகிப் போன மகளின் பெயரை விண்ணப்பத்திலேயே விட்டுவிடும் அநீதியும் இவ்விடத்தில்தான் நுழைகிறது. வங்கியில் நியமனதாரராக எழுதப்பட்ட மகனும் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி, அதன் முழு உடைமையாளர் ஆகார்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968இல் புதுவைக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும், பிரெஞ்சு ஆட்சியின் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்த குடும்பத்தாருக்கு அது பொருந்தாது. முன்னோர் அவ்வாறு செய்தனரா என்பதை வக்கீலிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும்.

பங்கிடுவதற்கு முன் மய்யித்தின் அடக்கச் செலவு, அதன்பின் கடன், அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடனே. நம் வீடுகளில் இதை நினைப்பவர் மிகச் சிலர்!

மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மட்டும் இருப்பின், எஞ்சியதை 32 கூறாக்கி மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7 என அளிக்க வேண்டும். இறந்தவரின் தாய் தந்தையர் உயிருடனிருந்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே தகுந்த ஆலிமிடம் பங்கை எழுதி வாங்கி, அதனை வக்கீலிடம் கொடுப்பது நலம். பட்டா மாற்றம், வில்லங்கச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றின் வழி அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றினும் அஞ்ச வேண்டியது விடுதலைப் பத்திரம். “உனக்குத்தான் சீர் செய்தோமே” என்று கூறித் தங்கையிடம் கையொப்பம் பெறுகின்றனர். சீர் அன்பளிப்பு, பங்கோ இறைவன் விதித்த உரிமை. ஒன்று எப்படி மற்றொன்றுக்கு ஈடாகும்? தன் பங்கின் அளவையும் மதிப்பையும் அறிந்து, மனமுவந்து அவள் விட்டுக்கொடுத்தால் தடையில்லை. அதற்கு, சகோதரர்கள் அருகில் இல்லாத வேளையில் பத்திரத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு நாளுக்கு முந்தியே இது நடக்கட்டும்.