வீடா, சானடோரியமா?

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீருமேடு மலைகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள் நெருக்கமானவை. இருமும் பெரியவரும் பால்குடிக் குழந்தையும் ஒரே அறையில் உறங்க நேர்கிறது. அத்தகைய வீட்டில் ஒருவருக்குக் காசநோய் கண்டால், அவரை எங்கே வைத்து மருத்துவம் செய்வது? பாலக்காட்டுச் சிற்றூர்க் குடிசையிலும் சென்னை நகரத்துச் சேரியிலும் இவ்வினா ஒரு காலத்தில் எழுந்தது. அதற்கு விடை கண்டவர்கள் சென்னையில் இருந்தனர்.

அதற்கு முன்னர், நோயாளரைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனைக்கு அனுப்புவதே முறையெனக் கருதப்பட்டது. தாம்பரம், பெருந்துறை, மதனப்பள்ளி ஆகிய ஊர்களில் அத்தகைய நிலையங்கள் இருந்தன. தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் நோயை விரட்டும் என்று மருத்துவரும் மக்களும் நம்பினர். அங்கிருந்து மீண்டவர் உடல் பெருத்து வந்தார். அதுவே சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் நாட்டில் நோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ மிகச் சிலவே.

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை அதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதனை வழிநடத்தினார். ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் மருந்துகளை ஓராண்டு உட்கொள்ளும் ஏழை நோயாளருள் ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றொரு பிரிவினர் சானடோரியத்திலும் வைக்கப்பட்டனர்.

யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறையே முடிவு செய்தது. இதில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. நோய் முற்றியவரை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே இறப்போர் மிகுந்து மருத்துவமனை தீயதெனத் தோன்றும். வசதியுள்ளோரை மட்டும் அனுப்பினால் அது மிக நல்லதெனத் தோன்றும். இரண்டுமே பொய்த்தோற்றம். குலுக்கலில் முதியவர், இளையவர், மெலிந்தவர், வலியவர் எல்லாரும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்த அளவில் விழுவர்.

வீட்டிலிருப்போர் மருந்தை உண்மையாகவே உட்கொள்கின்றனரா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆகவே, முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகள் எண்ணப்பட்டன, சிறுநீரும் சோதிக்கப்பட்டது. ஊடுகதிர்ப் படங்களை மதிப்பிட்டவருக்கு யார் எப்பிரிவினர் என்பது தெரிவிக்கப்படவில்லை. அறிந்தால், அவரது விருப்பமே கண்ணில் புகுந்துவிடக்கூடும் அல்லவா?

முடிவு 1959இல் வெளிவந்தது. சானடோரியப் பிரிவினரே உடல் எடை மிகுதியாகக் கூடினர். ஆனால் எடை குணத்தின் அளவுகோல் அன்று. சளியில் கிருமி இல்லாமையே அளவுகோல். அவ்வளவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் 86 பேரும் நலமுற்றனர். 92 பெரிது என்று உடனே கூறிவிடலாகாது. ஒவ்வொரு பிரிவிலும் கணக்கிடப்பட்டோர் ஏறத்தாழ 80 பேரே. எனவே வேறுபாடு நான்கைந்து பேர் மட்டுமே. அது தற்செயலாகவும் நேரலாம். மருத்துவமனையை இடையிலேயே விட்டு வெளியேறியோரும் உண்டு என்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை.

லயத்துக் குடும்பத்தின் அச்சத்துக்கும் விடை கிடைத்தது. நோயாளரோடு வாழ்ந்த உறவினரையும் ஆய்வாளர் ஐந்தாண்டு பின்தொடர்ந்தனர். வீட்டிலேயே மருத்துவம் பெற்றவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உரிய மருந்து தொடங்கியபின் நோயாளரைப் பிரித்து வைப்பதால் பெரும்பயன் இல்லை என்பது தெளிந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து பெற்று வீட்டிலேயே குணமடையும் முறை இவ்வழியில் வந்ததே.

நம்பிக்கையை ஆய்வு உடைத்ததும் உண்டு. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு ஒளிக்கப்படாமல் வெளியிடப்பட்டது. எனினும் அச்சோதனை கேட்ட கேள்வி அது ஒன்றே. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயை அவ்வூசி தடுப்பதாக வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் மூணாற்றில் பிறக்கும் குழந்தைக்கும் சென்னையில் பிறக்கும் குழந்தைக்கும் அது இன்றும் போடப்படுகிறது.