பண்டிகைக் கதைப் படநூல் வழியே வாசித்துப் புரிதலைக் கற்பித்தல்

பண்டிகையோடு சேர்த்துச் சொல்லப்படும் நாட்டுப்புறக் கதையைச் சிறு படநூலாக்கி, அதைக் கொண்டு தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளக் கற்றுத்தருவது மொழி வகுப்புக்கு ஏற்ற நல்ல முறை. குழந்தைக்குக் கதை ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்கும் என்பது இதன் பலம். பலவீனமும் அதுதான். கதை தெரிந்த குழந்தை, பக்கத்தை வாசிக்காமலே பல கேள்விகளுக்குச் சரியான விடை சொல்லிவிடும். பலத்தைப் பயன்படுத்திக்கொண்டு பலவீனத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதை மாட்டுப் பொங்கல் கதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 2 முதல் 5-ஆம் வகுப்பு வரை இது பொருந்தும்.

வாசிப்பும் புரிதலும்

எழுத்துக்கூட்டி வாசிப்பது வேறு, வாசித்ததைப் புரிந்துகொள்வது வேறு. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை எளிய பெருக்கலாக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிதல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். தமிழை ஓரளவு எழுதியபடியே வாசிக்கலாம் என்பதால், பொருள் தெரியாமலே தடங்கலின்றி வாசிக்கும் குழந்தைகள் நம் வகுப்புகளில் உண்டு. அவர்களை ‘நன்றாகப் படிக்கிற பிள்ளை’ என்று நினைத்துவிடுகிறோம். 4, 5-ஆம் வகுப்பில் கணக்குப் பாடத்தின் வாக்கியக் கணக்குகளிலும் அறிவியல் பாடத்திலும் அவர்கள் திணறும்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டொலோரஸ் டர்கின் என்ற கல்வியாளர் 1970-களின் இறுதியில் அமெரிக்க வகுப்பறைகளை நேரில் கவனித்து, ஆசிரியர்கள் புரிதலைக் கற்பிப்பது மிக அரிது என்றும், பெரும்பாலும் கேள்வி கேட்டுச் சோதிக்கவே செய்கிறார்கள் என்றும் எழுதினார். பாடம் முடிந்ததும் ‘யார்? எங்கே? எப்போது?’ என்று கேட்பது நமக்கும் பழக்கம்தான். விடை தெரியாத குழந்தைக்கு அந்தக் கேள்வி எதையும் கற்றுத்தராது. விடையைத் தேடிச் செல்லும் வழியைக் காட்டினால்தான் அது கற்பித்தல் ஆகும்.

எடுத்துக்காட்டுக் கதை

மாட்டுப் பொங்கலையொட்டிச் சொல்லப்படும் கதை பலரும் அறிந்ததே. மக்களிடம் ஒரு செய்தியைச் சொல்லிவரும்படி சிவன் நந்தியை அனுப்புகிறார். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும், மாதம் ஒருமுறை சாப்பிட வேண்டும் என்பது செய்தி. நந்தி பூமிக்கு வந்து, தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது. தினமும் சாப்பிடுவதற்கு நிறைய தானியம் வேண்டுமே. அதனால், நீயே போய் ஏர் இழுத்து உழவருக்கு உதவு என்று சிவன் நந்தியைப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார். சில ஊர்களில் நந்திக்குப் பதில் பசவன் என்று சொல்வார்கள்.

ஒரு வழக்கம் எப்படி வந்தது என்று சொல்லும் காரணக் கதை இது. புரிதல் பாடத்துக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நந்தி ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. தினமும், மாதம், குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் நினைவில் இருந்தன. எது எதோடு சேரும் என்பதுதான் மாறிப்போனது. எல்லாச் சொற்களையும் சரியாக வாசித்தும் பொருளைத் தவறவிடும் குழந்தைக்கு நேர்வதும் இதுவே.

நூலைத் தயாரித்தல்

பொருத்தமான அச்சு நூல் கிடைக்காவிட்டால் ஆசிரியரே 8 பக்கப் படநூல் செய்துகொள்ளலாம். நான்கு வெள்ளைச் சார்ட் அட்டைகளை இருபுறமும் பயன்படுத்தினால் போதும்.

1. சிவன் நந்தியை அழைக்கிறார்.
2. செய்தியைச் சொல்கிறார்.
3. நந்தி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருகிறது.
4. ஊர் மக்களிடம் மாற்றிச் சொல்கிறது.
5. மக்கள் தினமும் சமைக்கிறார்கள். நெற்குதிர் காலியாவது படத்தில் மட்டும் இருக்கிறது, எழுத்தில் இல்லை.
6. நந்தி திரும்பிப் போய் நடந்ததைச் சொல்கிறது.
7. ஏர் இழுக்கும்படி சிவன் கட்டளையிடுகிறார்.
8. மாட்டுப் பொங்கல்: கொம்புக்கு வண்ணம், கழுத்தில் மாலை, தின்னப் பொங்கல்.

பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் போதும். ஐந்தாம் பக்கத்தில் செய்ததுபோல, ஒரு முக்கியச் செய்தியைப் படத்தில் மட்டும் வைப்பது நல்லது. குழந்தை படத்தையும் எழுத்தையும் சேர்த்து வாசிக்கப் பழகும்.

ஆயத்தப் படநூல்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த துலிகா பதிப்பகம் 1996 முதல் பல இந்திய மொழிகளில் குழந்தைகளுக்கான படநூல்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படநூல்களைக் கட்டணமின்றி வாசிக்கலாம், பதிவிறக்கலாம். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது.

வாசிப்பதற்கு முன்

செங்கல்பட்டு மாவட்டத்தில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது ஊரப்பாக்கம். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்திலேயே உள்ளது. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள்களில் தென் மாவட்டங்களுக்குப் போகும் கூட்டம் அங்கேதான் நிற்கும். இப்படிப்பட்ட புறநகர் வகுப்பில் மூன்று வகைக் குழந்தைகள் இருக்கக்கூடும். விடுமுறைக்குச் சொந்த ஊர் போய் மாட்டுக்கு மாலை போட்டுவந்த குழந்தை, அடுக்குமாடிக் குடியிருப்பில் குக்கர் பொங்கலோடு பண்டிகையை முடித்த குழந்தை, வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை. கதைக்குத் தேவையான முன்னறிவு மூவருக்கும் ஒன்றாக இருக்காது.

ஆகவே முதலில் 10 நிமிடம் பேச்சுக்கு ஒதுக்க வேண்டும். ஏர், நுகம், குதிர் ஆகிய மூன்று சொற்களைப் படம் காட்டி விளக்கலாம். மாட்டுப் பொங்கல் பார்த்த குழந்தை பார்க்காத குழந்தைக்குச் சொல்லட்டும். மகர சங்கராந்தி கொண்டாடும் வீட்டுக் குழந்தை தன் வீட்டு வழக்கத்தைச் சொல்லட்டும். வகுப்பில் பல சமயத்துக் குழந்தைகள் இருப்பார்கள். வழிபாட்டுப் பாடமாக்காமல், மக்கள் சொல்லிவரும் ஒரு கதையாகவே இதை அறிமுகப்படுத்துவது முறை.

அட்டைப் படத்தைக் காட்டி, கதை எப்படிப் போகும் என்று ஊகிக்கச் சொல்லலாம். கதை தெரியும் என்பவர்களிடம், ‘உனக்குத் தெரிஞ்ச கதையும் இந்தப் புத்தகத்துல இருக்கிற கதையும் ஒண்ணுதானான்னு கண்டுபிடி’ என்று ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். தெரிந்த கதையானாலும் வாசிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வாசிக்கும்போது

அன்மேரி பாலின்சர், ஆன் பிரவுன் இருவரும் 1984-இல் வெளியிட்ட முறையில் நான்கு செயல்கள் உண்டு: அடுத்து வருவதை ஊகித்தல், கேள்வி எழுப்புதல், புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல், சுருக்கிச் சொல்லுதல். முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். பிறகு குழந்தைகள் ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்தில் அமர்ந்து செய்வார்கள். நம் படநூலில் மூன்று இடங்களில் நிறுத்தினால் போதும்.

இரண்டாம் பக்க முடிவில் சுருக்கிச் சொல்லச் சொல்லலாம். சிவன் சொன்ன செய்தி என்ன? கரும்பலகையில் தினமும், மாதம் ஒருமுறை என்று இரண்டு கட்டம் போட்டு, எது எங்கே வரும் என்று நிரப்பச் சொல்ல வேண்டும்.

நான்காம் பக்கத்தில் ஆசிரியர் தம் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிக் காட்டலாம். ‘தினமும் சாப்பிடுங்கள்னு நந்தி சொல்லுது. இது எனக்கு இடிக்குதே. இருங்க, ரெண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.’ நல்ல வாசகர் குழம்பினால் பின்னே திரும்பிப் பார்ப்பார் என்பதைப் பல குழந்தைகள் இங்கேதான் முதன்முதலாகக் காண்கிறார்கள்.

ஐந்தாம் பக்கத்தில் ஊகிக்க வைக்கலாம். குதிர் ஏன் காலியாகிறது? மாதம் ஒரு வேளை என்பது தினமும் ஒரு வேளை ஆனால் ஏறத்தாழ 30 மடங்கு தானியம் வேண்டும். எழுத்தில் இல்லாத இந்தக் காரணத்தைக் குழந்தை தானே கண்டுபிடித்துவிட்டால், ஏழாம் பக்கத்துக் கட்டளை ஏன் வந்தது என்பதும் புரிந்துவிடும்.

தமிழுக்கே உரிய தடைகள்

தமிழ் வாசிப்பில் குழந்தைகள் இடறும் சில இடங்களைத் தனியே சொல்லித்தர வேண்டும்.

எழுத்துநடை: குழந்தை பேசுவது ‘சாப்பிடணும்’. நூலில் இருப்பது ‘சாப்பிட வேண்டும்’. வாசித்த பக்கத்தைப் பேச்சுத் தமிழில் திருப்பிச் சொல்ல விட்டால், புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். அதைப் பிழையென்று திருத்தக் கூடாது. எழுதும்போது எழுத்துநடைக்கு வரலாம்.

‘என்று’: யார் சொன்னது என்பது தமிழ் வாக்கியத்தில் பல சமயம் கடைசியில்தான் வரும். ‘...சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்’ என்பதில் இறுதிவரை பொறுத்திருக்க வேண்டும். ‘என்று’ வரும் இடமெல்லாம் அடிக்கோடிட்டு, அதற்கு முன்னால் இருப்பது யாருடைய பேச்சு என்று கேட்கலாம்.

மறைந்த எழுவாய்: ‘திரும்பி வந்து சொன்னது. கோபம் வந்தது.’ வந்து சொன்னது யார்? கோபம் யாருக்கு? நூலில் சிவனுக்குச் ‘சொன்னார்’ என்றும் நந்திக்குச் ‘சொன்னது’ என்றும் இருந்தால், வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கோபம் யாருக்கு என்பதை விகுதி சொல்லாது. அதைக் கதையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்விகளைத் தரம் பிரித்தல்

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கப்பட்டு, அடுத்த கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுகிறார்கள். ஒரே நூலை வைத்து மூன்று நிலைக்கும் வேலை கொடுக்கலாம்.

அரும்பு நிலைக் குழந்தைகள் எட்டுப் படங்களையும் கலைத்துப்போட்டு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லலாம். மொட்டு நிலையினர் ‘அதனால்’, ‘ஏனென்றால்’ என்ற சொற்களைக் கொண்டு நிகழ்ச்சிகளை இணைக்கலாம். மலர் நிலையினருக்குக் கருத்துக் கேள்வி தரலாம்: நந்திக்குக் கிடைத்தது தண்டனையா, பொறுப்பா? எந்தப் பக்கத்தை வைத்து அப்படிச் சொல்கிறாய்? இரண்டு விடைக்கும் இடமுண்டு. பக்கத்தைக் காட்டாத விடை மட்டும் ஏற்கப்படாது.

நினைவா, வாசிப்பா

குழந்தை உண்மையிலேயே வாசித்துப் புரிந்துகொண்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டாம் பக்கத்தின் வேறொரு பிரதியில் ‘மாதம் ஒருமுறை’ என்பதை ‘வாரம் ஒருமுறை’ என்று மாற்றி எழுதி, மறுநாள் தனித்தனியே வாசிக்கக் கொடுக்கலாம். ‘இந்தத் தாளில் இருக்கிறபடி, எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பிடச் சொன்னார்?’ என்று கேட்டால், மாதம் என்று சொல்லும் குழந்தை நினைவிலிருந்து பதில் சொல்கிறது. வாரம் என்று சொல்லும் குழந்தை தாளை வாசித்திருக்கிறது. ‘இது மாறியிருக்கே!’ என்று தானே சொல்லும் குழந்தை, வாசித்ததைத் தனக்குத் தெரிந்ததோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறது.

மாதம் என்று சொன்ன குழந்தையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எழுத்துக்கூட்டுவதில் தடையா, வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வதில் தடையா என்று பார்க்க வேண்டும். அதே தாளை ஆசிரியர் வாசித்துக்காட்டிய பின் சரியாகச் சொன்னால் தடை பெரும்பாலும் எழுத்தில்தான். அதற்குப் பிறகும் சொல்ல முடியாவிட்டால், கேட்டுப் புரிந்துகொள்வதிலிருந்து பயிற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எல்லாருக்கும் ஒரே பயிற்சியைத் தந்தால் யாருக்காவது ஒருவருக்கு அது வீண்.

விடுமுறைக்குப் பின்

விடுமுறை வேலையாக, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இதே கதையையோ வேறு பண்டிகைக் கதையையோ கேட்டுவரச் சொல்லலாம். பள்ளி திறந்ததும் அந்த வடிவத்தையும் படநூல் வடிவத்தையும் இரண்டு பத்தியில் ஒப்பிடலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்ன கதையும் இதனால் வகுப்பறைப் பாடம் ஆகிறது. ஓணத்தின் மகாபலி கதையையும் தீபாவளியின் நரகாசுரன் கதையையும் இவ்வாறே கையாளலாம். எந்தக் கதையானாலும் ஒரு விடைக்கு இரண்டு ஆசிரியர் கேள்விகள் தொடர வேண்டும்: எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அது உனக்கு எப்படித் தெரிந்தது? இவ்விரண்டையும் குழந்தை தனக்குத்தானே கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டால், முன்பின் தெரியாத ஒரு பாடத்தையும் துணையின்றி வாசிக்கத் தொடங்கும்.