எழுவான்கரை மணலும் மலைத் துவிச்சக்கர வண்டியும்

(ஒரு பழைய மாணவன்)

மலையே இல்லாத நாட்டில் மலைவண்டியைப் பற்றி எழுதப் புகுவது, வாவிக்கரையில் நின்றுகொண்டு பாலைவனப் பயணத்துக்கு வழி கூறுவது போல அன்பர் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், பாடசாலை தொடங்கும் காலைவேளையிற் காத்தான்குடிப் பிரதான வீதியிலே, நடுவில் நிற்கும் பேரீச்ச மரங்களின் நிழலிற் சற்றே நின்று பார்ப்பவர்க்கு அவ்வையம் நீங்கிவிடும். பருத்த ரயரும் நேரிய கைபிடியும் பல கியர்களும் உடைய வண்டிகள் எத்தனை! அவற்றுள் எண்ணெயின்றிக் கிறீச்சிடுவன எத்தனை! பிறேக் இன்றிக் காலைத் தரையிலே தேய்த்து நிறுத்தப்படுவன எத்தனை!

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுத என்னினும் வல்லார் பலர் உளர் என்பதை எண்ணினேன். இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமார்க்கும், இளைத்த முழங்காலும் பெருத்த வயிறும் உடைய என் போன்ற பழைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடியது எது என்று ஆராய்ந்து, இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

வண்டி பிறந்த கதை

இன்று நாம் காணும் உருவிலான துவிச்சக்கர வண்டிக்கு வழிகாட்டியது, 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் அமைத்த ‘ரோவர்’ வண்டியாகும். ஒத்த அளவினவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறையும் அதன் சிறப்புக்கள். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரயரைத் தந்தார். அதன்பின் நெடுங்காலம் வண்டியின் உருவிலே பெரும் மாற்றம் நிகழவில்லை. நம் பாட்டனார் காலத்து ராலேயும் ஹம்பரும் அவ்வழி வந்தனவே.

மலைவண்டி பிறந்ததோ பிற்காலத்தில். அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்தின் மரின் மாவட்டத்து மலைச்சாரல்களில், 1970களில், இளைஞர் சிலர் கழித்து ஒதுக்கப்பட்ட பழைய பருத்த ரயர் வண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதைகளிற் கீழ்நோக்கி ஓட்டி விளையாடினர். 1976இல் அங்கு நடைபெறத் தொடங்கிய பந்தயம் ஒன்றுக்கு ‘றீபாக்’ என்று பெயர். ஒவ்வோர் இறக்கத்தின் பின்னும் பிறேக் சூட்டினாற் பின்னச்சின் கிறீஸ் எரிந்து புகைந்து போனமையால், அதனை மீள நிரப்பவேண்டியிருந்தது. அதனால் வந்த பெயர் அது. 1977இல் ஜோ பிறீஸ் என்பார் இவ்விளையாட்டுக்கென்றே சட்டகம் அமைத்தார். 1981இல் ‘ஸ்ரம்ஜம்பர்’ என்னும் வண்டி தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1996இல் அற்லாந்தா ஒலிம்பிக் விழாவில் மலைவண்டி ஓட்டமும் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மலைவண்டியைத் தோற்றுவித்தவர் செல்வர் அல்லர். பழையதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்.

நமது நிலத்தின் இயல்பு

கிழக்கே வங்கக்கடல்; மேற்கே மட்டக்களப்பு வாவி; இடையே ஒடுங்கிய மணற்றிடர். இதனையே எழுவான்கரை என்கின்றோம். வாவிக்கு அப்பால், வயலும் குளமும் காடுமாய்ப் பரந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரை வண்டிக்குப் பகை மூன்று: மணல், உப்பு, காற்று. படுவான்கரையிற் கிறவல் வீதியும் வயல் வரம்பும் மாரிச் சேறும் உண்டு. ஆதலின், மலை இல்லையேனும் மலைவண்டிக்கு இங்கு வேலை உண்டு.

மணலை முதலில் நோக்குவோம். ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு, அதன் மேல் உள்ள பாரத்தையும் உள்ளிருக்கும் காற்றின் அமுக்கத்தையும் பொறுத்தது. ஒரு சக்கரத்தின் மேல் 90 இறாத்தல் பாரம் உள்ளதெனக் கொள்வோம். அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தலாயின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர அங்குலம். 30 இறாத்தலாயின் 3 சதுர அங்குலம். பரப்பு மிகுந்தாற் சக்கரம் மணலிற் புதையாது. ஆகையால், தார் வீதியில் இறுகக் காற்றடித்தும், மணலிலும் கிறவலிலும் சற்றே இளக்கியும் செல்லல் வேண்டும். மிக இளக்கினால், கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு தீண்டியது போல அருகருகே இரு துளைகள் விழும். மேலெல்லையோ ரயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதனை மீறலாகாது.

வண்டி தெரிவு செய்தல்

புதியதோ பழையதோ, வாங்குமுன் நான்கு காரியங்களை நோக்குக.

முதலாவது, அளவு. சட்டகத்தின் மேற்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்போது, குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளியேனும் வேண்டும். தமையனுக்கு வாங்கிய வண்டியைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளில் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது, சக்கரம். 26 அங்குலச் சக்கரத்துக்குரிய ரயரும் ரியூப்பும் சிறு கடைகளிலும் எளிதிற் கிடைக்கும். 27.5, 29 அங்குலச் சக்கரங்கள் பள்ளங்களை இலகுவிற் கடக்கும். ஆயின், அவற்றின் உதிரிப்பாகங்கள் அருகிலுள்ள கடையில் உண்டோ என வினவியறிந்தே வாங்குக.

மூன்றாவது, அதிர்ச்சி தாங்கும் சுருள்வில். மலிவான வண்டியில் முன்னும் பின்னும் சுருள்வில் பூட்டியிருப்பது கண்ணுக்கு அழகு, காலுக்குப் பாரம். மிதிக்கும் வலுவில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். உப்புக்காற்றில் இறுகியும் போகும். நமது சமநிலத்துக்குச் சுருள்வில் இல்லாத உறுதியான முன்கவையே போதும்.

நான்காவது, றிம். பழைய உருக்கு றிம்மைப் பற்றும் பிறேக், மழையில் நனைந்தவிடத்துத் தன் வலுவிற் பெரும்பகுதியை இழந்துவிடும். அலுமினிய றிம் அத்துணை மோசம் அன்று. தட்டுப் பிறேக் உடைய வண்டியாயின், அத்தட்டில் எண்ணெய்த் துளி ஒன்றும் படாது காத்தல் வேண்டும்.

என் வண்டி கற்பித்த பாடம்

2022ஆம் ஆண்டில் நாட்டிலே எரிபொருள் அருகிப்போய், மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அக்காலத்தில், பல்லாண்டுகளாகப் பின்கூரையின் கீழ்க் கிடந்த என் மலைவண்டியை நினைந்து வெளியே எடுத்தேன். தூசியைத் துடைத்தேன், காற்றடித்தேன், ஏறினேன். பாலத்தின் இறக்கத்தில், எதிரே ஒரு மாடு குறுக்கிட்டது. பிறேக்கை அழுத்தினேன், உள்ளே துருவேறியிருந்த கம்பி அறுந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கையிற் காயம். மனத்திலே பெரும் அச்சம். பின்னால் ஒரு பேருந்து வந்திருப்பின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது.

வண்டியை உருட்டிக்கொண்டு காத்தான்குடியில் ஒரு திருத்தகத்தை அடைந்தேன். அங்கிருந்த முதியவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சங்கிலியை விரலால் அசைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது ஓடித் தேய்ந்த வண்டி இல்லை, ஓடாமல் இற்ற வண்டி,” என்றார்.

“காக்கா, இனி இது உதவுமா?” என்று கேட்டேன்.

“இரும்பு நல்ல இரும்புதான். நீங்கள்தான் அதை மறந்துவிட்டீர்கள்,” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆசனத்தண்டு சட்டகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது. உருக்கும் அலுமினியமும் உப்பீரத்தில் நெருங்கியிருந்தால் மின்னிரசாயன அரிப்பு உண்டாகி, இரண்டும் ஒன்றாய் இறுகிவிடும். அதனைக் கழற்ற அவர் அரைநாள் பாடுபட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிக் கிறீஸ் பூசியிருந்தால், ஐந்து நிமிட வேலை. அன்று அவரிடம் கற்றவற்றோடு, பின்னர் யான் பயின்றறிந்தவற்றையும் கீழே தருகின்றேன்.

பராமரிப்பு முறை

நாள்தோறும்: ஏறுமுன் ரயரை அமுக்கிப் பார்க்க, இரு பிறேக்குகளையும் இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பார்க்க, சக்கரத்தின் பூட்டு இறுகியுள்ளதோ எனத் தொட்டுப் பார்க்க. இதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எனக்கு இல்லாமற் போனதன் பயனை மேலே கூறினேன்.

வாரந்தோறும்: நன்னீரால் மெல்லக் கழுவுக. கடற்கரைக்குச் சென்றுவந்த நாளில் அன்றே கழுவுதல் நன்று. நீரை வேகமாகப் பாய்ச்சி அச்சுக்களினுள் புகச் செய்யலாகாது. அது கிறீஸை வெளியேற்றி மணலை உள்ளே செலுத்தும். கழுவியபின் துடைத்து உலர்த்துக. சங்கிலியைப் பழந்துணியால் துடைத்து, கணுவுக்கு ஒரு துளியாக எண்ணெய் விட்டு, மிதியைப் பின்புறமாகச் சுழற்றி, மிகுந்த எண்ணெயை மீண்டும் துடைத்துவிடுக. எண்ணெய் வேண்டுவது கணுவின் உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பற்றி, அரைக்கும் பசையாக மாறிச் சங்கிலியையும் பற்சக்கரத்தையும் தின்னும். சமையலறைத் தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகும், அதனைத் தவிர்க்க.

மாதந்தோறும்: சங்கிலியை அளந்து பார்க்க. புதிய சங்கிலியில் 24 கணுக்களின் நீளம் சரியாக 12 அங்குலம். அடிமட்டத்தை வைத்து நோக்கும்போது அது பதினாறில் ஓரங்குலம் மிகுந்திருந்தாற் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஓரங்குலம் மிகுந்துவிட்டாற் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், செலவு பன்மடங்காகும். பிறேக் கட்டைகளின் தேய்வையும், கம்பிகளில் துருவும் நூலறுதலும் உண்டோ என்பதையும் அப்பொழுதே நோக்குக.

மாரிக்குப் பின்: வடகீழ்ப் பருவமழையில் வீதிகள் நீரில் மூழ்குவது இங்கு வழக்கம். சக்கரத்தின் அச்சு மூழ்குமளவு நீரைக் கடந்த வண்டியை அவ்வாறே விட்டுவிடலாகாது. அச்சுக்களைத் திறந்து, துடைத்து, புதுக் கிறீஸ் இட்டு மூடுக.

தேகப்பயிற்சி

ஆசனத்தின் உயரமே முதற்பாடம். மிதி கீழே நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பின்னர்ப் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். நம்மவர் பலர் ஆசனத்தைத் தாழ்த்திவைத்து முழங்கால் நோவென்று வைத்தியரை நாடுகின்றனர்.

இரண்டாம் பாடம் கியர். கடுமையான கியரில் மெல்ல மிதிப்பது வீரமன்று, முழங்காலுக்குக் கேடு. தொடங்குவோர் நிமிடத்துக்கு 60 முதல் 70 சுற்றும், பழகியவர் 80 முதல் 90 சுற்றும் மிதிக்கத்தக்க இலகுவான கியரைக் கொள்க.

மூன்றாம் பாடம் அளவு. வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு செல்லக்கூடிய வேகத்தில் தொடங்குக. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டற்க. நீரிழிவு, இருதய நோய் உடையோர் வைத்தியரைக் கலந்த பின்னரே தொடங்குக.

மலையின்றி மலைப்பயிற்சி எவ்வாறு பெறுவது? கச்சான் காற்று நமக்கு மலையாகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன், மணிக்கு 15 கிலோமீற்றர் காற்றை எதிர்கொண்டால், அவன் மேல் மோதும் காற்றின் வேகம் 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், அது மூன்று மடங்காகிவிடும். உடலைத் தாழ்த்தி, இலகுவான கியரில், பொறுமையோடு எதிர்க்காற்றிற் செல்லப் பழகியவன் ஏற்றத்துக்கு அஞ்சான். ஒருவழி காற்றை எதிர்த்துச் சென்று, மறுவழி காற்றோடு திரும்புவதே முறை. முன்னே களைத்தவன், பின்னே காற்றின் துணையோடு வீடு சேர்வான்.

மணலில் ஓட்டும்போது, உடற்பாரத்தைச் சற்றுப் பின்னே வைத்து, கைபிடியை இறுகப் பற்றாது, நேரே நோக்கிச் சீராக மிதிக்க, முன்பிறேக்கைத் தொடற்க. மெய்யான மலையை நாடுவோர்க்கு, செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறும் வீதி உண்டு. அங்கு இறங்கும்போது பிறேக்கை இடையறாது அழுத்தற்க; விட்டுவிட்டுப் பிடித்தால் றிம் சூடேறாது.

நமது வெயிலில் விடியலே உகந்த நேரம். தண்ணீரை விடாய்க்குமுன் சிறிது சிறிதாக அருந்துக. நெடுந்தூரம் சென்றார்க்கு உப்பிட்ட கஞ்சியும் இளநீரும் போதும். நோன்பு நோற்கும் முஸ்லிம் அன்பர்கள், நோன்பு துறக்கும் வேளைக்குச் சற்றுமுன் மெல்லிய பயிற்சியோ, துறந்தபின் பயிற்சியோ கொள்ளுதல் நலம். தலைக்கவசமும், முன்னே வெள்ளொளியும் பின்னே செவ்வொளியும் இன்றியமையாதன. இரவில் வீதியிற் படுத்திருக்கும் மாடுகளுக்கு விளக்கு இல்லை அன்றோ! படுவான்கரையின் காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. அந்திக்கு முன் திரும்புக.

முடிவுரை

2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டபின், ஆரையம்பதிப் புறத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குத் தோணியோ பாதையோ பாராது வண்டியிற் செல்லலாம். காத்தான்குடியில் விடியற்காலை பாங்கொலி கேட்டுப் புறப்பட்டு, தான்தோன்றீஸ்வரர் கோயில் மணியோசை கேட்டு இளைப்பாறி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். போரும் பகையும் இவ்வீதிகளை அச்சத்தின் வீதிகளாக்கிய ஆண்டுகள் இருந்தன. அண்டை ஊருக்குள் வண்டியை உருட்டிச் செல்லவும் அஞ்சிய நாட்களை எம் தலைமுறை மறவாது. அன்று காயத்தோடு சென்ற என்னைத் ‘தம்பி’ என்றழைத்து, வண்டிக்கு முன் என் முழங்கையைக் கழுவிவிட்ட அம்முதியவரை நினைக்குந்தோறும், இரும்பைப் போலவே உறவும் ஓடாது கிடந்தால் இற்றுவிடும் என்று உணர்கின்றேன்.

தம்பிமாரே, உங்கள் வண்டிகளைத் துடையுங்கள், எண்ணெய் இடுங்கள், ஓட்டுங்கள். பழைய மாணவ நண்பர்களே, பின்கூரையின் கீழ்க் கிடப்பதை வெளியே எடுங்கள். ஆனால் முதலிற் பிறேக்கைப் பாருங்கள்.